பழைய அம்பாசடருக்குப் புதிய வயரிங்

ஹவுராவிலிருந்து பர்த்வான் போகும் மெயின் லைனில், உத்தர்பாராவைத் தாண்டியதும் ஹிந்த்மோட்டார் என்று ஒரு ஸ்டேஷன் வரும். ஒரு கார் தொழிற்சாலையின் பெயரையே ஊர்ப் பெயராகக் கொண்ட ஸ்டேஷன் அது. 1942-ல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், குஜராத்தின் ஓகா துறைமுகத்திலிருந்து 1948-ல் இங்கே இடம் மாறியது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை மூலமாகக் கொண்டு 1957 முதல் அம்பாசடர் கார்கள் இங்கிருந்து வெளிவந்தன. 2014 மே மாதத்தில் உற்பத்தி நின்றது.

தொழிற்சாலை நின்றாலும் வண்டிகள் நின்றுவிடவில்லை. லேக் கார்டன்ஸிலும் பக்கத்து ஜோத்பூர் பார்க்கிலும், தாகூரியா சந்துகளிலும் துணி போர்த்திய அம்பாசடர்கள் இன்னும் இருக்கின்றன. அப்பா வாங்கிய வண்டி, மாமனார் கொடுத்த வண்டி என்று விற்க மனமில்லாமல் வைத்திருப்பவர்கள் நம் சங்கத்திலும் உண்டு. ரயில்வேயில் மின்சாரப் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் அவர்களில் சிலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: “எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டால் வண்டி நன்றாக ஸ்டார்ட் ஆகுமாமே, போடலாமா?”

போடலாம். ஆனால் அது செய்ய வேண்டிய வேலைகளில் கடைசியில் வருவது. முதலில் செய்ய வேண்டியது வயரிங். அதைத் தொடாமல் இக்னிஷனை மட்டும் மாற்றினால் பணம் வீணாகும். வண்டி தீப்பிடிக்கும் அபாயமும் அப்படியே இருக்கும். ஏன் என்பதையும், எந்த வரிசையில் வேலை செய்ய வேண்டும் என்பதையும் இக்கட்டுரையில் பார்ப்போம். லூக்காஸ் வகை மின்சாதனங்கள் பொருத்திய ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற பழைய கார்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

பொறி எப்படிப் பிறக்கிறது?

பெட்ரோல் எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையைச் சரியான நொடியில் பற்றவைக்க ஒரு மின்பொறி தேவை. பாட்டரி தருவது 12 வோல்ட். ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய வேண்டுமானால் பல ஆயிரம் வோல்ட் வேண்டும். இந்த ஏற்றத்தைச் செய்வது காயில்.

இந்த முறையைக் காருக்குப் பொருந்தும்படி அமைத்தவர் அமெரிக்கர் சார்லஸ் கெட்டரிங். 1909-ல் அவர் தொடங்கிய நிறுவனத்தின் சுருக்கப் பெயர் டெல்கோ. நம் மெக்கானிக்குகள் பலர் டிஸ்ட்ரிபியூட்டரை இன்றும் “டெல்கோ” என்று அழைப்பது அந்தப் பெயரிலிருந்து வந்ததுதான்.

காயிலுக்குள் இரண்டு சுற்றுகள் உண்டு. தடித்த கம்பியால் சில நூறு சுற்றுகள் கொண்டது முதல் சுற்று; மெல்லிய கம்பியால் அதைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு சுற்றுகள் கொண்டது இரண்டாவது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் காண்டாக்ட் பாயிண்ட் (கடைகளில் “பிளாட்டினம்” என்று கேட்டால் தருவார்கள்) மூடியிருக்கும்போது முதல் சுற்றில் மின்சாரம் ஓடிக் காந்தப்புலம் உருவாகிறது. பாயிண்ட் திறந்ததும் மின்சாரம் அறுபட்டு, காந்தப்புலம் சட்டென்று சரிகிறது. அந்தச் சரிவில் இரண்டாவது சுற்றில் பதினைந்தாயிரம், இருபதாயிரம் வோல்ட் வரை எழ முடியும். லேக் கார்டன்ஸ் ஸ்டேஷனில் ரயிலுக்கு மேலே ஓடும் கம்பியில் இருப்பது 25,000 வோல்ட்; உங்கள் பானெட்டுக்குள்ளும் கிட்டத்தட்ட அதே அளவு அழுத்தம் பிறக்கிறது! வித்தியாசம் என்னவென்றால், காயிலில் அது இருப்பது ஒரு நொடியின் மிகச் சிறிய பங்குக்குத்தான். அதிலுள்ள ஆற்றலும் மிகக் குறைவு.

பாயிண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்டென்சர் இரண்டு வேலை செய்கிறது. பாயிண்ட் திறக்கும்போது அங்கேயே பொறி பறந்து முனைகள் கருகாமல் காக்கிறது. காந்தப்புலம் வேகமாகச் சரியவும் உதவுகிறது. இது கெட்டால் பாயிண்ட் சீக்கிரம் கருகும், பிளக்கில் பொறி நலிந்துவிடும்.

வேகத்தையும் சற்று எண்ணிப் பாருங்கள். நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு பொறிகள். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் நொடிக்கு 100 பொறிகள். ஒரு பொறிக்குக் கிடைக்கும் நேரம் நொடியின் நூறில் ஒரு பங்கு. அதிலும் பாயிண்ட் மூடியிருப்பது மூன்றில் இரண்டு பங்கு நேரம்தான். அந்தச் சிறு இடைவெளிக்குள் காயிலில் போதிய மின்சாரம் ஏற வேண்டும்.

காயிலுக்கு வந்து சேர்வது எத்தனை வோல்ட்?

இதுதான் முதல் கேள்வி. இதைக் கேட்காமல்தான் பெரும்பாலோர் புதுக் கருவி வாங்கப் போகிறார்கள்.

சாதாரண 12 வோல்ட் காயிலின் முதல் சுற்றுக்கு மின்தடை சுமார் 3 ஓம். முழு 12 வோல்ட்டும் வந்தால் ஓம் விதிப்படி 4 ஆம்பியர் ஓடும். காயிலில் சேரும் ஆற்றல் மின்சாரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அமையும். மின்சாரம் எட்டில் ஒரு பங்கு குறைந்தால் ஆற்றல் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்துவிடும். சிறு இழப்பு பெரிய இழப்பாவது இதனால்தான்.

எங்கள் தெருவில் ஓர் அன்பரின் பழைய மார்க் டூ அம்பாசடர் மழைக்காலக் காலைகளில் ஸ்டார்ட் ஆகாமல் அடம் பிடித்தது. ஒரு பட்டறையில் “எலக்ட்ரானிக் போட்டால்தான் சரியாகும் தாதா” என்று சொல்லியிருந்தார்கள். வாங்குவதற்கு முன் அளந்து பார்த்துவிடலாம் என்று மீட்டரை எடுத்துச் சென்றேன். இக்னிஷன் போட்டு, பாயிண்ட் மூடிய நிலையில் பாட்டரி முனைகளில் 12.4 வோல்ட். காயிலில் 10.6 வோல்ட். வழியில் 1.8 வோல்ட் காணாமல் போயிருந்தது. துண்டு துண்டாக அளந்ததில், தேய்ந்த இக்னிஷன் சுவிட்ச்சில் 0.9, பச்சை பூத்த ஒரு புல்லட் கனெக்டரில் 0.6, மீதி 0.3 அம்மீட்டர் முனைகளிலும் கம்பியிலும் என்று தெரிந்தது. கனெக்டரை மாற்றி, முனைகளைச் சுத்தம் செய்து, ஒரு ரிலே வைத்ததும் காயிலுக்கு 12.1 வோல்ட் வந்தது. அந்த மழைக்காலம் முழுவதும் வண்டி பழைய பாயிண்ட்டோடேயே ஓடியது.

ஸ்டார்ட்டர் சுழலும்போது நிலைமை இன்னும் மோசம். ஸ்டார்ட்டர் நூறு ஆம்பியருக்கு மேல் இழுப்பதால் பாட்டரியே 9 வோல்ட்டுக்கு இறங்கலாம். வழியில் இழப்பே இல்லையென்றால் காயிலில் 3 ஆம்பியர். பொறியின் ஆற்றல் வழக்கத்தில் பாதிக்குச் சற்று மேல். வழியில் இன்னும் ஒன்றரை வோல்ட் தொலைந்தால் 2.5 ஆம்பியர், ஆற்றல் ஐந்தில் இரண்டு பங்குக்கும் கீழே. பிளக் வயரில் ஈரம் வேறு இருந்தால் அந்தப் பொறி பிளக்குக்குப் போகாமல் ஈரத்தின் வழியே எர்த் ஆகிவிடும். ஜூலை மாதக் கல்கத்தாவில் ஈரத்துக்குக் குறைவில்லை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

எந்த முனை எர்த்?

வேலையைத் தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. மாரிஸ் ஆக்ஸ்போர்டு காலத்துப் பிரிட்டிஷ் அமைப்பில் பாட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். பிற்கால வண்டிகளில் நெகட்டிவ் முனை எர்த். நடுவில் யாராவது மாற்றியிருக்கவும் கூடும். ஆகவே வண்டியின் ஆண்டை வைத்து முடிவு செய்யாமல், பாட்டரியின் எந்த முனைக் கேபிள் பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள். இன்று கடையில் கிடைக்கும் ஆல்டர்னேட்டரும் பெரும்பாலான எலக்ட்ரானிக் இக்னிஷன் கருவிகளும் நெகட்டிவ் எர்த்துக்கு உரியவை. மாற்றிக் கொடுத்தால் நொடியில் எரிந்துவிடும்.

பாசிட்டிவ் எர்த் வண்டியை நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றுவது கடினமல்ல:

1. பாட்டரியைத் திருப்பி வைத்து, முனைகளுக்கேற்ற கிளாம்புகள் போட வேண்டும். பாசிட்டிவ், நெகட்டிவ் முனைகளின் பருமன் வேறு என்பதால் பழைய கிளாம்பு சரியாகப் பொருந்தாது.

2. காயிலின் இரு சிறு இணைப்புகளையும் இடம் மாற்ற வேண்டும். பிளக்கின் நடு முனை எப்போதும் நெகட்டிவாக இருக்க வேண்டும். சூடான நடு முனையிலிருந்து எலக்ட்ரான்கள் எளிதாகப் புறப்படும் என்பதால் குறைந்த வோல்ட்டிலேயே பொறி பாயும்.

3. டைனமோ இருந்தால் அதன் காந்தத் திசையை மாற்ற வேண்டும். டைனமோவின் எஃப் முனையில் இருக்கும் கம்பியைக் கழற்றிவிட்டு, பாட்டரியின் பாசிட்டிவிலிருந்து வரும் ஒரு கம்பியால் அந்த முனையை இரண்டு மூன்று முறை தொட்டு எடுத்தால் போதும்.

4. அம்மீட்டரின் இரு கம்பிகளையும் இடம் மாற்ற வேண்டும். பழைய ரேடியோ இருந்தால் இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

ஸ்டார்ட்டர் மோட்டாரைத் தொட வேண்டாம். அது எந்தத் திசையில் மின்சாரம் கொடுத்தாலும் ஒரே பக்கம்தான் சுழலும்.

வயரின் நிறங்கள்

பழைய லூக்காஸ் வயரிங்கில் நிறத்துக்கு அர்த்தம் உண்டு. இது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பிரவுன்: பாட்டரியிலிருந்து நேரே வருவது, எப்போதும் உயிருள்ளது.
வெள்ளை: இக்னிஷன் சுவிட்ச்சுக்குப் பின், ஃப்யூஸ் இல்லாதது, காயிலுக்குப் போவது.
பச்சை: இக்னிஷன் சுவிட்ச்சுக்குப் பின், ஃப்யூஸ் உள்ளது, வைப்பர், பிரேக் லைட், இண்டிகேட்டர்.
ஊதா: ஃப்யூஸ் உள்ளது, எப்போதும் உயிருள்ளது, ஹார்ன் போன்றவை.
நீலம்: ஹெட்லைட். வெள்ளைக்கோடு இருந்தால் மெயின், சிவப்புக்கோடு இருந்தால் டிம்.
சிவப்பு: சைடு லைட், டெயில் லைட்.
கறுப்பு: எர்த்.

ஐம்பது வருஷ வண்டியில் பல கைகள் பட்டிருக்கும். இடையில் ஒட்டுப் போட்ட துண்டுகள் எந்த நிறத்திலும் இருக்கலாம். ஆகையால் நிறத்தைப் பார்த்து ஊகியுங்கள். மீட்டரை வைத்து உறுதி செய்யுங்கள்.

தீ எங்கிருந்து வருகிறது?

அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கார்களில் இருந்தவை பெரும்பாலும் இரண்டே ஃப்யூஸ்கள். ஹார்ன் வகையறாவுக்கு ஒன்று, இக்னிஷனோடு வேலை செய்யும் துணைச் சாதனங்களுக்கு ஒன்று. ஹெட்லைட்டுக்கு ஃப்யூஸ் கிடையாது. காயிலுக்கும் கிடையாது. ஓடும் வண்டியில் இருட்டில் திடீரென விளக்கு அணையக் கூடாது என்பது அன்றைய எண்ணம். கம்பி புதிதாக இருந்த காலத்தில் அது சரியாக இருந்திருக்கலாம்.

இன்று அந்தக் கம்பியின் நிலை என்ன? ரப்பர் உறை காய்ந்து வெடித்திருக்கும். மேலே சுற்றிய பருத்தி நூல் எலி கடித்தோ எண்ணெய் ஊறியோ உதிர்ந்திருக்கும். அப்படிப்பட்ட ஒரு நீலக் கம்பி ரேடியேட்டர் பக்கத் தகட்டில் உராய்ந்து செம்பு வெளியே வந்து எர்த் ஆனால், நடுவில் தடுக்க எதுவுமே இல்லை. பாட்டரி தன் முழு பலத்தோடு நூற்றுக்கணக்கான ஆம்பியரை அதன் வழியே அனுப்பும். கம்பி சில நொடிகளில் பழுத்துவிடும். அது டாஷ்போர்டுக்குப் பின்னால் மற்றக் கம்பிகளோடு ஒரே கட்டாகப் போவதால் முழுக் கட்டும் பற்றிக்கொள்ளும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. ஏனெனில் பிரவுன் கம்பி சாவிக்குக் கட்டுப்பட்டதல்ல.

ஆகவே ஃப்யூஸ் போடுவது அலங்காரமல்ல, உயிர்க் காப்பு. மூன்று விதிகளை நினைவில் வையுங்கள்.

முதலாவது, ஃப்யூஸ் காப்பது கம்பியை, விளக்கை அல்ல. ஆகவே கம்பியின் பருமனைப் பார்த்துத்தான் ஃப்யூஸ் அளவு. 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பிக்கு 15 ஆம்பியருக்கு மேல் வேண்டாம்; 2.5-க்கு 20 போதும். ஃப்யூஸ் பாட்டரிக்கு எவ்வளவு அருகே இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பாட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் இடைப்பட்ட கம்பிக்குப் பாதுகாப்பே இல்லை.

இரண்டாவது, பழைய கண்ணாடி ஃப்யூஸில் 35 என்று எழுதியிருப்பது அது உருகிப்போகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதி, அதாவது சுமார் 17 ஆம்பியர். இன்றைய பிளேடு ஃப்யூஸில் எழுதியிருப்பதோ தொடர்ந்து தாங்கும் அளவு. பழையதில் 35 இருந்தது என்று இப்போது 35 ஆம்பியர் பிளேடு ஃப்யூஸ் போட்டால் இரு மடங்கு மின்சாரத்தை அனுமதித்தவர்களாவோம். 15-தான் சரி.

மூன்றாவது, ரயில்வே சிக்னல் வேலையில் முதலில் கற்றுத் தரும் பாடம்: ஒரு சர்க்யூட்டின் பழுது இன்னொரு சர்க்யூட்டை நிறுத்தக் கூடாது. இடது ஹெட்லைட்டுக்கு ஒரு ஃப்யூஸ், வலதுக்கு ஒரு ஃப்யூஸ். ஒன்று போனாலும் மற்றொன்று எரியும். பழைய காலத்தார் பயந்த இருட்டுப் பிரச்சினை இதனால் தீர்ந்துவிடுகிறது. காயிலுக்கென்று தனி ஃப்யூஸ். அதில் வேறு எதையும் சேர்க்காதீர்கள். ஹார்ன் பழுதால் லெவல் கிராசிங் நடுவே எஞ்சின் நிற்கக் கூடாது அல்லவா?

பட்டறையில் ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று சிகரெட் காகிதத்தின் வெள்ளியைச் சுற்றி வைப்பவர்கள் உண்டு. அப்படி ஒரு வண்டியைக் கண்டால் அன்றே கழற்றச் செய்யுங்கள். ஃப்யூஸ் போவது நோயல்ல, நோயின் அறிகுறி.

வேலையின் வரிசை

பாட்டரியைக் கழற்றும்போது எப்போதும் எர்த் கேபிளை முதலில் எடுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். மறு முனையை முதலில் கழற்றினால், ஸ்பானர் பாடியில் பட்ட நொடியில் பெரும் பொறி பறக்கும்.

முதல் வேலை, எர்த். எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பாடியோடு அதை மின்சாரமாக இணைப்பது ஒரு பின்னல் பட்டை மட்டுமே. அது துருப்பிடித்தால் ஸ்டார்ட்டர் மின்சாரம் ஆக்சிலேட்டர் கம்பி, சோக் கம்பி வழியாக ஓடப் பார்க்கும். புதுப் பட்டை போடுங்கள். பெயிண்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பில் முடுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். ஸ்டார்ட்டர் சுழலும்போது பாட்டரியின் எர்த் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. விளக்குகளுக்கும் தனி எர்த் கம்பி கொடுங்கள்; துருப்பிடித்த மட்கார்டை நம்ப வேண்டாம்.

இரண்டாவது, மெயின் கம்பியும் ஃப்யூஸ் பெட்டியும். பாட்டரிக்கு அருகே ஓர் ஐசோலேட்டர் சுவிட்ச் வைப்பது நல்லது. இரவில் அணைத்துவிட்டால் தீ பயமும் இல்லை, பாட்டரியும் இறங்காது. அங்கிருந்து ஆறு அல்லது எட்டு வழி பிளேடு ஃப்யூஸ் பெட்டி. கம்பி, டெர்மினல் எல்லாம் சாந்தினி சௌக்கில் கிடைக்கும். பழைய அம்பாசடர் பாகங்களுக்கு மல்லிக் பஜார் இருக்கவே இருக்கிறது.

மூன்றாவது, ஹெட்லைட் ரிலே. 60 வாட் பல்பு இரண்டு என்றால் 10 ஆம்பியர். பழைய வயரிங்கில் இந்த 10 ஆம்பியரும் டாஷ்போர்டு சுவிட்ச்சுக்கு வந்து, காலால் மிதிக்கும் டிம்மர் சுவிட்ச்சுக்குப் போய், பிறகு முன்னால் திரும்பிப் போக வேண்டும். வழியில் 0.2 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் போச்சு. பல்பின் வெளிச்சம் வோல்ட்டைவிட வெகு வேகமாகக் குறையும். 12-க்குப் பதில் 10.8 வோல்ட் வந்தால் வெளிச்சம் 70 சதவீதம். 10 வோல்ட் என்றால் பாதிக்குச் சற்று மேல்தான். “அம்பாசடர் லைட் என்றாலே மங்கல்” என்ற பேச்சு இப்படித்தான் வந்தது.

ரிலே என்பது சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சுவிட்ச். ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் பட்டனை அழுத்தினால் தூரத்தில் பாயிண்ட் மோட்டார் திரும்புவதும் இந்த முறையில்தான். பழைய சுவிட்ச்சிலிருந்து வரும் நீலக் கம்பியை ரிலேயின் 86-க்கும், எர்த்தை 85-க்கும் கொடுங்கள். ஃப்யூஸ் பெட்டியிலிருந்து புதிய 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி 30-க்கு. 87-லிருந்து விளக்குக்கு. மெயினுக்கு ஒன்று, டிம்முக்கு ஒன்று என இரண்டு ரிலே. இரு விளக்குகளுக்கும் தனித்தனி ஃப்யூஸ் என்று சொன்னதை இங்கே நினைவில் கொண்டு, 87-லிருந்து இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு ஃப்யூஸ் வையுங்கள். சுவிட்ச்சுகளின் வழியே இப்போது ஓடுவது ஓர் ஆம்பியரிலும் குறைவு. அவையும் நீண்ட நாள் உழைக்கும். 100 வாட் பல்பு போடலாமே என்ற ஆசை வேண்டாம். ஹோல்டர் உருகும், எதிரே வருபவருக்குக் கண் கூசும். பழைய ரிஃப்ளெக்டரில் மலிவான எல்இடி பல்பு போட்டாலும் வெளிச்சம் சிதறி இதே கூச்சம்தான்.

நான்காவது, காயிலுக்கு ரிலே. இக்னிஷன் சுவிட்ச்சிலிருந்து வரும் வெள்ளைக் கம்பி ரிலேயை மட்டும் இயக்கட்டும். காயிலுக்கு மின்சாரம் ஃப்யூஸ் பெட்டியிலிருந்து நேரே வரட்டும். பிறகு மறுபடி அளந்து பாருங்கள். பாட்டரிக்கும் காயிலுக்கும் அரை வோல்ட்டுக்குள் வித்தியாசம் இருந்தால் வேலை சரி.

ஐந்தாவது, ஆல்டர்னேட்டர். பழைய டைனமோ தரக்கூடியது அதிகபட்சம் 22 ஆம்பியர் அளவு. அதுவும் எஞ்சின் வேகமாக ஓடும்போதுதான். மழை இரவில் ஹெட்லைட் 10, மற்ற விளக்குகள் 2.5, காயில் 3 அல்லது 4, வைப்பர் 3, பிரேக் மிதித்தால் இன்னும் 3.5 என்று கணக்கிட்டால் 20-ஐத் தாண்டிவிடும். ராஷ்பிஹாரி அவென்யூ நெரிசலில் எஞ்சின் மெல்ல ஓடும்போது டைனமோ ஏறக்குறைய ஒன்றும் தராது. முழுப் பாரமும் பாட்டரியின் தலையில். ஆல்டர்னேட்டர் ஐட்லிங்கிலேயே மின்சாரம் தரும். அதன் மெயின் கம்பி 6 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பழைய ரெகுலேட்டர் பெட்டியைச் சர்க்யூட்டிலிருந்து விலக்கி, பார்வைக்காக அதே இடத்தில் விட்டுவிடலாம். முழு மின்சாரமும் பழைய அம்மீட்டர் வழியே போக வேண்டாம்; வோல்ட் மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஓடும்போது அது 14 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும்.

கடைசியில், எலக்ட்ரானிக் இக்னிஷன். பாயிண்ட்டின் குறை அதன் தேய்மானம். கேமில் உராயும் சிறு குதிகால் தேயத் தேய இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் பொறி தாமதமாகப் பாயும். 0.014 முதல் 0.016 அங்குலம், அதாவது 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் என்று ஃபீலர் கேஜ் வைத்து அடிக்கடி சரிசெய்ய வேண்டியிருப்பது இதனால்தான். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் புஷ் தேய்ந்திருந்தால் இடைவெளி ஒவ்வொரு சிலிண்டருக்கும் வேறுபடும்.

இப்போது கிடைக்கும் கருவிகளில் பல, எட்வின் ஹால் 1879-ல் கண்ட விளைவை வைத்து வேலை செய்பவை. ரோட்டருக்குக் கீழே ஒரு காந்த வளையம் சுழலும். பாயிண்ட் இருந்த இடத்தில் உள்ள சிறு உணர்கருவி காந்தம் கடப்பதை உணர்ந்து, டிரான்சிஸ்டர் மூலம் காயிலின் மின்சாரத்தை அறுக்கும். உராய்வு இல்லை, ஆகவே தேய்மானமும் இல்லை. பெரும்பாலானவற்றில் சிவப்புக் கம்பி காயிலின் பிளஸ்ஸுக்கும் கறுப்புக் கம்பி மைனஸுக்கும் போகும். பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை:

கருவிக்கு ஏற்ற மின்தடை உள்ள காயில்தானா என்று மீட்டரால் பாருங்கள். தடை குறைந்த காயில் கருவியை எரித்துவிடும்.

எஞ்சின் ஓடாமல் இக்னிஷனை மட்டும் போட்டு வைக்காதீர்கள். காயிலும் கருவியும் சூடேறிக் கெடும்.

செம்புக் கம்பி பிளக் வயரை எடுத்துவிட்டு, உள்ளே தடை வைத்த வயர் போடுங்கள். இல்லாவிட்டால் இரைச்சல் அலைகள் கருவியைக் குழப்பும்.

பொருத்திய பின் டைமிங்கைப் புதிதாக வைக்க வேண்டும். பாயிண்டுக்கு வைத்த டைமிங் இதற்குப் பொருந்தாது. சிலிண்டர்களின் வரிசை 1, 3, 4, 2 என்பதில் மாற்றமில்லை.

எஞ்சின் ஓடும்போது பிளக் வயரைக் கையால் இழுத்துப் பார்க்கும் பழைய பழக்கத்தை விட்டுவிடுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் ஓடும் எஞ்சினின் இக்னிஷன் பக்கம் குனியவே வேண்டாம்.

கழற்றிய பாயிண்ட்டையும் கண்டென்சரையும் ஒரு டப்பாவில் போட்டு வண்டியிலேயே வையுங்கள். எலக்ட்ரானிக் கருவி கெட்டால் வழியில் ரிப்பேர் செய்ய முடியாது. பாயிண்ட்டை அரை மணியில் மாட்டி வீடு வந்து சேரலாம்.

கைவேலையின் ஒழுங்கு

ரயில் எஞ்சினில் ஒவ்வொரு கம்பியின் இரு முனையிலும் எண் போட்ட சிறு வளையம் இருக்கும். இருபது வருஷம் கழித்து வருபவனுக்கும் அது வழிகாட்டும். காரிலும் அப்படிச் செய்யுங்கள். எண்களோடு ஒரு படம் வரைந்து பதிவுப் புத்தகத்தோடு வையுங்கள். கம்பியைத் திருகி டேப் சுற்றுவது இணைப்பு ஆகாது. நல்ல கிரிம்பிங் கருவியால் டெர்மினல் அழுத்துங்கள். தகட்டில் துளை வழியே போகும் இடமெல்லாம் ரப்பர் கிராமெட். சைலன்சருக்கு அருகே கம்பி வேண்டாம். தெருவில் தண்ணீர் நிற்கும் நாளில் ஃபேன் வாரி இறைப்பது டிஸ்ட்ரிபியூட்டர் மேல்தான். அதற்கு ஒரு ரப்பர் உறையும், விரிசல் இல்லாத மூடியும் அவசியம்.

இன்னொன்று. 2021-ல் வந்த மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, அசல் உருவம் பெரிதும் மாறாத கார்களுக்கு விண்டேஜ் என்று தனிப் பதிவு உண்டு. 1970-களின் தொடக்கத்து அம்பாசடர்கள் இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டன. ஆகவே எந்த மாற்றம் செய்தாலும் திரும்பப் பழையபடி ஆக்கக்கூடியதாகச் செய்யுங்கள். பழைய வயரிங்கை வெட்டாதீர்கள். புதியதைப் பக்கத்தில் ஓட்டுங்கள். டைனமோவையும் பாயிண்ட்டையும் எடைக்குப் போடாமல் சாக்கில் கட்டி வையுங்கள். உத்தர்பாராவிலிருந்து இனிப் புதியது வராது.

இவ்வளவும் ஒரே மாதத்தில் செய்ய வேண்டும் என்பதில்லை. எர்த்தும் ஃப்யூஸும் இந்த மழைக்காலத்துக்கு முன். ஹெட்லைட் ரிலே பூஜைக்கு முன். மற்றவை கை வசதிப்படி. ஒரு நல்ல மீட்டர் மட்டும் இன்றே வாங்குங்கள். வோல்ட் எங்கே தொலைகிறது என்று அது சொல்லும். எந்தப் பாகத்தை வாங்க வேண்டும், எதை வாங்க வேண்டாம் என்பதை அதன் பிறகு நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.